மணி அடிக்காத சைலஸ்

எங்கள் கடலோர ஊரான வின்ஹேவனில் கோயிலைத் திறப்பது, பூட்டுவது, மணி அடிப்பது, போதகரின் அங்கியை மடித்து வைப்பது எல்லாம் சைலஸ் பென்னியின் வேலை. நான் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். பதினெட்டு வருஷம் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

யுத்தம் வந்ததும் ஊர்க்காவல் படை எங்கள் கோயில் கூடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கேப்டன், இரும்புக்கடை பர்ஜிஸ். சைலஸுக்கும் அவருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

"பூட்ஸைத் துடைச்சிட்டு வாங்கய்யா! இது ஆண்டவர் வீடு, மாட்டுக்கொட்டில் இல்ல" என்பார் சைலஸ்.

"ஆண்டவரே கொட்டில்லதான்யா பொறந்தாரு."

"பொறந்தாரு. பூட்ஸ் போட்டுக்கிட்டுப் பொறக்கல."

1940ஆம் வருஷம் ஜூன் மாதத்திலிருந்து தேசத்தில் எந்தக் கோயிலிலும் மணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. மணிச் சத்தம் கேட்டால் ஜெர்மன்காரன் கரையிறங்கிவிட்டான் என்று அர்த்தம். கடற்கரை நெடுக முள்கம்பி போட்டு, மணலுக்குள் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். மீன்படகு வந்து போக ஒரே ஒரு வழி, முப்பது கஜ அகலம், விட்டிருந்தார்கள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சைலஸின் ஒரே மகன் ரூபன், தாயில்லாமல் அவர் வளர்த்த பிள்ளை, விடியற்காலையில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஒன்பது மணிக்கு மூடுபனி இறங்கியது. பதினோரு மணிக்குக் கோயில் வாசலில் நின்றால் வேலிக் கதவு தெரியவில்லை. கடலோ ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற தண்ணீர் படகைக் கரைக்குத் தள்ளும். எந்தப் பக்கம் தள்ளும் என்பதுதான் பயம்.

சைலஸ் உள்ளே ஓடி வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நேரே கோபுரத்தடிக்குப் போய் மணிக் கயிற்றைப் பிடித்தார்.

"மிசஸ் ஹோப், நீங்க வீட்டுக்குப் போயிடுங்க. நீங்க எதையும் பாக்கல."

நான் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கூடத்திலிருந்து பர்ஜிஸ் வந்துவிட்டார்.

"சைலஸ், கயித்தை விடு."

"ஜெயில்ல போடுங்க. எம் மகன் மணிச் சத்தத்தை வச்சிக் கரைக்கு வரட்டும், நானே நடந்து வர்றேன்."

"ஜெயிலைப் பத்தி யாருய்யா பேசினா? மணி கேட்டா ஆத்துப் பாலத்தைத் தகர்க்கணும்னு உத்தரவு. நம்ம பசங்க அங்க வெடிக்கம்பியைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. இந்தப் பனியில பாலத்து மேல யாரு நடக்கிறாங்கன்னு அவனுகளுக்குத் தெரியுமா?"

"ஓடிப்போய்ச் சொல்லுங்களேன், அடிக்கிறது நான்தான்னு!"

"நான் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அடுத்த ஊர்க்காரன் கேட்டா அவனும் அடிப்பான். அவன்கிட்ட யாரு ஓடுறது?"

சைலஸ் கயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரத்தில் படகு எங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. பிறகு அவர் விரல்கள் ஒவ்வொன்றாகக் கயிற்றை விட்டன.

பர்ஜிஸ் தொண்டை கிழியக் கத்தினார். "எல்லாரும் கரைக்கு! தட்டு, வாளி, எது கிடைச்சாலும் எடுத்துக்கோ!"

ஊரே வந்தது. முள்கம்பி ஓரமாக அரை மைல் நீளத்துக்கு நின்று தகரத்தைத் தட்டினோம், கத்தினோம், கோயில் பாட்டுகளைப் பாடினோம். என் வாணலியின் கைப்பிடி கழன்று போயிற்று. கடைசியில் கடலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ரூபன்தான்! ஆனால் குரல் படகு வழிக்கு இடது பக்கம் கேட்டது, கண்ணிவெடிப் பக்கம்.

இன்னும் பலமாகத் தட்டினோம். சைலஸ் தலையிலடித்துக்கொண்டு எங்கள் முன்னால் ஓடினார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா! எல்லாப் பக்கமும் சத்தம் கேட்டா அவன் எந்தப் பக்கம் வருவான்?"

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. உதவி செய்கிறோம் என்று அந்தப் பிள்ளையை நாங்களே வெடிக்கு அழைத்துக்கொண்டிருந்தோம்.

"எவனாவது வாயைத் திறந்தா சுட்டுருவேன்" என்றார் பர்ஜிஸ். அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது என்று ஊருக்கே தெரியும். இருந்தும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

சைலஸ் படகு வழியின் நடுவில், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்.

"ரூபன்! இங்கப்பா! இங்க வா!"

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஒரு குரல்தான். சில சமயம் பதில் வந்தது, சில சமயம் வரவில்லை. வராதபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முள் உள்ளங்கையில் ஏறியது பிறகுதான் தெரிந்தது. அவர் குரல் கரகரத்து, தேய்ந்து, கடைசியில் வெறும் காற்றாக வந்தது. அப்போது துடுப்புச் சத்தம். பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு நீண்டு, அவர் தோளில் இடித்தது.

ரூபன் குதித்து இறங்கினான். குளிரில் உதடு நீலமாக இருந்தது, கோபத்தில் உடம்பு நடுங்கியது.

"செத்திருப்பேன்ப்பா! கோயில் சாவி உங்ககிட்டதானே இருக்கு? ஏன் மணி அடிக்கல?"

சைலஸ் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மகனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பர்ஜிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு மணலைப் பார்த்தார்.