தூக்குவாளியில் வந்த புகையிலை

1. கைவேலை டீச்சரம்மா

முடங்கிய கைகால்களை வேலை கொடுத்தே பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியை பம்பாயில் படித்துவிட்டு, திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். என் பதவியின் பெயரை வாட்ச்மேன் முதல் நர்ஸ் வரை யாராலும் சொல்ல முடியவில்லை. நோயாளிகள் என் அறையில் கயிறு திரிப்பதையும் பாய் பின்னுவதையும் பார்த்துவிட்டு, ‘கைவேலை டீச்சரம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு வயது இருபத்தாறு. படித்த திமிர் நிறைய இருந்தது. ஒரு பிரிவை நடத்துவது என்றால் வருகைப் பதிவேடும் பீரோ சாவியும்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கீழே ஒரே ஒரு உதவியாளர். பெயர் ஆரோக்கியம், பக்கத்து ஊரான எரியோட்டுக்காரர், ஐம்பதை நெருங்கியவர். முன்பு தச்சு வேலை பார்த்தவர். மடங்காத விரலுக்கு ஏற்றபடி மண்வெட்டிக் காம்பைச் செதுக்கித் தருவார். நான் பம்பாயில் படித்ததில் பாதியை அவர் பார்த்தே கற்றிருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

2. பேச்சியம்மாவின் பலகை

பேச்சியம்மா ஒரு சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு உருட்டுகிறவர். சோளத்தட்டை அறுக்கப் போன இடத்தில் அரிவாள் நழுவி வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. அறுந்த தசைநாண்களை சர்ஜன் தைத்துவிட்டார். கட்டுப் பிரித்த பிறகு பார்த்தால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை.

களிமண் உருண்டை கொடுத்தேன். கயிறு கொடுத்தேன். இரண்டு வாரம் ஏனோதானோவென்று செய்தார்.

“இந்த மண்ண உருட்டி என்னத்தக் கண்டேன் டீச்சரம்மா? மாசி முடியிறதுக்குள்ள வரலேன்னா எம் பலகைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இலையக் குடுங்க, உருட்டிக் காட்டுறேன்” என்றார்.

பலகை என்பது சுருட்டு உருட்டுகிறவர் முன்னால் இருக்கும் வேலைப் பலகை. அது போனால் வேலை போனது. வீட்டில் மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை.

அவர் கேட்டது சரியான மருத்துவம். பல வருஷமாகச் செய்த வேலையைக் கை மறக்காது. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் புகையிலை நுழையக் கூடாது. அது பெரிய டாக்டர், அதாவது சூப்பரின்டென்டென்ட், போட்ட சட்டம். பார்க்க வருகிறவர்களின் மடியைக்கூட வாசலில் அவிழ்த்துப் பார்ப்பார்கள். கேட்டால் முடியாது என்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, கேட்காமலே விட்டேன்.

ஆரோக்கியத்திடம், “கொஞ்சம் புகையிலை வாங்கிச் சாப்பாட்டுத் தூக்குல வச்சுக் கொண்டாந்துருங்கண்ணே” என்றேன்.

“பெரிய டாக்டருக்குத் தெரியுமா டீச்சரம்மா?”

“அத நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் தூக்குவாளியின் மேல் தட்டில் இலை வந்தது. பேச்சியம்மா அதைத் தண்ணீர் தெளித்து நீவி, தூளை வைத்து உருட்ட ஆரம்பித்தார். முதல் நாள் எல்லாம் பிரிந்துபோனது. மூன்றாம் நாள், அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே கட்டைவிரல் தன்பாட்டுக்கு வளைந்து ஆள்காட்டி விரலைத் தொட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

3. அந்த ஒரு நிமிஷம்

நான்காம் நாள் காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். வாசலிலேயே வாடை பிடித்துவிட்டார்.

“என்ன இது? யார் கொண்டு வந்தது?”

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். தனியாகப் போய்ப் பக்குவமாக விளக்கிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. உண்மையைச் சொன்னால், பயம். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

“நாந்தான் சார்” என்றார் ஆரோக்கியம்.

“இனிமே நான் சொல்லி அனுப்புற வரைக்கும் உள்ள வராதீங்க” என்றார் டாக்டர். ஆரோக்கியம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று போகலாம், நாளை போகலாம் என்று இரண்டு நாள் கடத்தினேன். மூன்றாம் நாள் பேச்சியம்மாவின் கையை அளந்து பார்க்க ஸ்கேலை எடுத்தேன். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“உங்ககிட்டக் கைய நீட்ட மாட்டேன். அந்த மனுசன் உங்களக் காட்டிக் குடுக்கல. நீங்க வாயே தொறக்கல.”

“உங்களுக்குத்தானே நஷ்டம்? மாசி முடிய எத்தன நாள் இருக்கு?” என்று கேட்டேன். எவ்வளவு கேவலமான பேச்சு.

“பலகை போனாப் போகட்டும்” என்றார்.

ஸ்கேலை மேசையில் போட்டுவிட்டு, நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

4. எரியோடு பஸ்

“சார், புகையிலை கொண்டுவரச் சொன்னது நான்தான்.”

அவருக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. “மூணு நாளா ஒரு மனுஷனை வீட்ல உக்கார வச்சிருக்கேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு குடுத்துட்டீங்களே” என்றார். கொஞ்சம் தணிந்த பிறகு, “நீங்க முதல்லயே கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். விடாம ரெண்டாவது தடவை கேட்டிருந்தா அந்தக் கையை வந்து பாத்திருப்பேன்” என்றார்.

அன்றே வந்து பார்த்தார். பின்பக்க வராந்தாவில் மட்டும் உருட்டலாம், மிச்ச இலை என் பீரோவில் பூட்டியிருக்க வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். ஆரோக்கியத்தை நானே போய் அழைத்துவர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

எரியோட்டுக்கு பஸ் ஏறினேன். ஆரோக்கியத்தின் சம்சாரம் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

“வாரேன் டீச்சரம்மா” என்றார் ஆரோக்கியம். “ஆனா இனிமே எதச் செய்யச் சொன்னாலும் ஒரு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. வயசாச்சுல்ல, மறந்து மறந்து போகுது.”

அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

ஆரோக்கியம் வந்த பிறகு வராந்தாவில் மறுபடி உருட்ட உட்கார்ந்த பேச்சியம்மா, மாசி கடைசியில் வேலைக்குத் திரும்பினார். பலகை அவருக்காக இருந்தது. சித்திரையில் கையைக் காட்ட வந்தவர், “கம்பெனிக்குத் திரும்பிப் போன மொத நாள் உருட்டுனதுல ஒண்ணு உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். வாசல்ல புடுங்கிக்கிருவாங்கன்னு விட்டுட்டேன்” என்று சிரித்தார். என்னை மன்னித்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

5. நோட்டு

ஆரோக்கியம் அப்படிச் சீக்கிரம் விடவில்லை. தினம் காலையில் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பார். எந்த நோயாளி, எந்தக் கை, என்ன வேலை, சொன்னது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. அதுதான் வலிக்கும். இப்படியே நான்கு வருஷம்.

ஒருமுறை வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து சில டாக்டர்கள் எங்கள் பிரிவைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, “பிரமாதமான முறையா இருக்கே! யார் கொண்டு வந்தது?” என்று கேட்டார்.

மூலையில் ஒரு மரக்காம்பின் மேல் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்த ஆரோக்கியம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதே பார்வை.

“இவர்தான் சார்” என்றேன். “நான் சொல்லிச் செஞ்ச வேலைக்கு இவர் பழி ஏத்துக்கிட்டார். நான் பயந்துபோய்ப் பேசாம இருந்தேன். அதுக்கப்புறம் இவர் கேட்டு வாங்கின நோட்டு இது.”

கேட்டவர் நோட்டை மூடி மேசையில் வைத்தார். ஆரோக்கியம் மறுபடி இழைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை வெறுங்கையோடு வந்து நின்றார்.

“அண்ணே, நோட்டு?”

“வாயால சொல்லுங்க டீச்சரம்மா, போதும்.”

சொன்னேன். அவர் போன பிறகு நோட்டைத் தேடி எடுத்து, நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஓய்வு பெறும் நாள் வரை அதை விடவில்லை. பொறுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவரிடம் சொன்னால், கேள்வி வரும்போது முதலில் நீங்கள் வாயைத் திறந்துவிடுங்கள்.