மயில்வாகனம் சொன்ன கடல் நிலவரம்

சனிக்கிழமை சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் மயில்வாகனம் முகம்கூடக் கழுவுவதில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் சொம்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார். கிழக்கே பார்த்து நின்று விரலை உயர்த்திப் பிடிப்பார். விரலின் எந்தப் பக்கம் சில்லிடுகிறதோ அதை வைத்து, மறுநாள் கடல் எப்படி இருக்கும் என்று அறிவிப்பார்.

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. பாலாற்று முகத்துவாரத்துக்குப் போக செங்கல்பட்டில் வண்டி மாறி, அரை நாளைத் தொலைக்க வேண்டும். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

வயது ஐம்பத்து நான்கு. பட்டு நெய்கிறவர். தலைமுறை தலைமுறையாக மீன் வாடையே அறியாத சைவக் குடும்பம். நான்கு வருடத்துக்கு முன்பு மாசி மகத்துக்குக் கடலாடப் போன இடத்தில், யாரோ ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். குளிக்க மறந்து அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த வாரமே ஒரு தூண்டில் கழி வீட்டுக்கு வந்தது. மனைவி கமலவேணி மூன்று நாள் பேசவில்லை. பிறகு பேசியபோது கட்டளைகள்தான் வந்தன. கழி மாடியில்தான் இருக்க வேண்டும், வீட்டுக்குள் வரக் கூடாது, பின்கட்டில் குளித்த பிறகே உள்ளே நுழைய வேண்டும், ஒரு மீன்கூட வாசற்படி ஏறக் கூடாது.

கடைசிக் கட்டளையைக் காப்பாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மீன் சிக்கினால்தானே.

அறுந்த பட்டிழையைக் கண் மூடிக்கொண்டு முறுக்கிச் சேர்க்கிற விரல்கள் அவருடையவை. அவர் போட்ட தூண்டில் முடிச்சு இதுவரை அவிழ்ந்ததில்லை. அதை இழுத்துப் பார்க்கத்தான் மீன் வரவில்லை. இறாலையோ புழுவையோ கையால் தொட மாட்டார் என்பதால், முள்ளில் குத்துவது கோயில் இட்லி. அதிலிருக்கும் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதிலேயே செங்கல்பட்டு வரை பொழுது போகும். பக்கத்து இருக்கைக்காரர் ஏன் என்று கேட்டால், "மடவை மீனுக்குக் காரம் ஆவாதுபா" என்பார்.

கடலைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் தப்பு என்று தள்ளிவிட முடியாது. "மாசி பொறந்தா அலை அடங்கும், தண்ணி தெளியும், மடவை கும்பலா கரையோரம் மேஞ்சுக்கினு வரும்" என்று அவர் சொல்வது முகத்துவாரத்து மீனவர்களே சொல்வதுதான். எந்த நாள் என்பதில்தான் சறுக்குவார். மாசியில் வடக்குக் காற்று முழுசாகப் போயிருக்காது, தெற்குக் காற்று முழுசாக வந்திருக்காது. இன்றைக்குக் குளம்போலக் கிடக்கிற கடல் நாளைக்குக் கரையை அறையும். போதாததற்கு, மதியம் கிளம்புகிற கடற்காற்று காஞ்சிபுரத்து மொட்டை மாடிக்கு வந்து சேர்வதற்குள் பழைய செய்தியாகிவிடும். அவர் விரலில் படுவது அந்தப் பழைய செய்திதான்.

ஆனாலும் அவரை மதித்துக் கேட்க ஒருத்தி இருந்தாள். செவிலிமேட்டுச் சாலையோரம் மீன் விற்கும் மரியம்மாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வியாபாரம். கடல் மீன் எடுப்பதா, தென்னேரி ஏரி மீன் எடுப்பதா என்று முந்தின நாளே மொத்த வியாபாரியிடம் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமைதோறும் தெருவில் வண்டியை நிறுத்தி, மாடியை அண்ணாந்து பார்த்து, நாளைக்குக் கடல் எப்படி என்று பணிவாகக் கேட்பாள். மயில்வாகனம் சொல்வார். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். அந்தத் தலையாட்டலுக்காகவே அவர் வாரம் முழுக்க நெய்தார் என்று சொல்லலாம்.

இந்த மாசியில் ஒரு சனிக்கிழமை, கடல் அசையாது, கரையிலேயே மீன் கொட்டும் என்று அடித்துச் சொன்னார். ராத்திரியே கிளம்பி மறுநாள் விடியற்காலை முகத்துவாரத்தில் போய் நின்றால், நிஜமாகவே கடல் அசையவில்லை. தெளிந்த தண்ணீரில் மடவைக் கூட்டம் நிழல் நிழலாக நகர்ந்துகொண்டிருந்தது. இட்லி விழுந்ததும் தூண்டில் நரம்பு விண்ணென்று இழுத்தது. பிடித்தார், விட்டார், பிடித்தார், விட்டார். வால் ஓரம் கிழிந்த மீன் ஒன்று விட்ட பிறகும் திரும்பி வந்து சிக்கியது. இட்லி தீர்ந்துபோனதும் மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். போட்டோ எடுக்க வேண்டும் என்ற நினைப்பு செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் வந்தது.

பின்கட்டில் குளித்து முடித்து விஷயத்தைச் சொன்னபோது, கமலவேணி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பஸ்ல நல்லா தூங்கினீங்களா?" என்றாள்.

வெறும் கையோடு வந்தவருக்கு எதைக் காட்டி நம்ப வைப்பது என்று தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மரியம்மாள். பின்னால் கட்டியிருந்த கூடை நிறைய, விற்காத ஏரி மீன், ஜிலேபி. வெளியே வந்தவரை அவள் உட்காரக்கூட விடவில்லை.

"ரெண்டு வருசமா உன் பேச்ச வெச்சுத்தான் யாவாரம் பண்ணிக்கினு இருக்கேண்ணா. கடலு நல்லா இருக்குதுன்னு நீ சொன்னா ஏரி மீனு எடுப்பேன். நல்லா இல்லன்னா கடல் மீனு எடுப்பேன். ஒரு வாரம் தப்பினது இல்ல."

மயில்வாகனத்துக்கு அது மெதுவாகத்தான் ஏறியது. இரண்டு வருடத்துத் தலையாட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்து சரிந்தன. முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னிக்கு ஊரெல்லாம் மடவை. ஆட்டோல மைக்கு கட்டி கூவிக்கினு போறான். கரையிலயே அள்ளினாங்களாம். என் ஜிலேபிய நாய்கூட மோந்து பாக்கல. நீ பாட்டுக்கு இப்டி சரியா சொல்லிட்டா நான் எப்டிண்ணா பொழைக்கிறது?"

மயில்வாகனம் அவளையே பார்த்தார். சரியாகச் சொன்னேனா என்று தணிந்த குரலில் கேட்டார். அப்பட்டமாகச் சரி என்றாள் அவள், எரிச்சலோடு.

அவர் கையைக் காட்டி அவளை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கூடத்து டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். அடுப்படியில் கமலவேணி இருக்கிறாளா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

"இன்னொரு தபா சொல்லும்மா," என்றார். "கொஞ்சம் சத்தமா." சொல்லிக்கொண்டே, சாத்தியிருந்த மற்றொரு கதவையும் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தார்.