இருபது வருடம் நான் பார்க்காத படம்

ஒரு படத்தை இருபது வருடமாகப் பார்க்காமல் இருந்தேன். கோபம் அதன் இயக்குநர் மீது. நான் உயிராய் ரசிக்கும் என் இசையமைப்பாளர் முழுப் படத்துக்கும் செய்துகொடுத்த பின்னணி இசையை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, இன்னொருவரைக் கொண்டு புதிதாகச் செய்வித்தார் அந்த மனிதர். ஒருமுறை கந்தளாய் பஸ்ஸில் அந்தப் படத்தைப் போட்டார்கள். தம்பலகாமம் வரை காதில் விரலை விட்டபடி வயலையே பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா தலைச்சுற்றாக்கும் என்று முகர்ந்து பார்க்கத் தேசிக்காய் தந்தார்.

துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்தும் என் தங்கையின் கணவர் அந்த இன்னொருவரின் ரசிகர். எங்கள் ஞாயிறு மதியச் சாப்பாட்டில் மீனோடு இந்தச் சண்டையும் கட்டாயம் இருக்கும்.

போன மாதம், ஒதுக்கப்பட்ட அந்த இசையே எங்கள் ரசிகர் வட்சப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்பு வேலை செய்த ஒருவர் வைத்திருந்தாராம். இணையத்தில் வெளியிடுவதா, வேண்டாமா என்று குழு இரண்டுபட்டது. "அவரே வெளியில விடாததை நாங்கள் விடுறது களவு" என்றார் மூதூர் ஆசிரியர். "ஆக்கின சோத்தை மூடி வைக்கிறதோ?" என்றார் கிண்ணியாவில் ஆட்டோ ஓட்டும் நண்பர். நான் ஆட்டோக்காரர் கட்சி. பெரிய சத்தமும் என்னுடையதுதான். ஞாயிறு மாலை வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

தங்கையின் கணவர் சும்மா இருப்பாரா? "மச்சான், படத்தை ஓடவிட்டு உங்கட ஆளின்ர மியூசிக்கைப் போட்டுப் பாப்பம். பொருந்தினா, டைரக்டர் மடையன் எண்டு உங்கட குறூப்பிலயே நான் எழுதுறன். இல்லாட்டி, டைரக்டர் செய்தது சரி எண்டு நீங்கள் எழுதோணும்."

இருபது வருட மானம். ஓம் என்றேன்.

ஞாயிறு பிற்பகல் கிண்ணியா நண்பர் ஆட்டோவிலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றித் தந்துவிட்டு ஹயருக்கு ஆள் ஏற்றப் போனார். டிவியின் சத்தத்தை அணைத்து, என் போனிலிருந்து இசையைப் போட்டோம். செத்த வீட்டுக் காட்சியில் புல்லாங்குழல் துள்ளியது. எனக்குப் புல்லரித்தது. "சாவிலயும் வாழ்க்கையைக் காட்டுறார், பாருங்கோ!" கல்யாணக் காட்சியில் வயலின் கதறியது. மகளைப் பிரியும் தாயின் வலி என்று உடனே குழுவில் நீட்டி எழுதினேன். மச்சானுக்கே முகம் கறுத்துப்போனது.

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி போனை எட்டிப் பார்த்தாள். "ஏனப்பா, ஒண்டுக்குப் பிறகு பத்தோ வரும்?"

போன் இசைத் துண்டுகளை ஒன்று, பத்து, பதினொன்று என்று பாடிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டாம் துண்டு இன்னும் வரவே இல்லை. மச்சான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. என் வியாக்கியானத்துக்கு அதற்குள் ஏழு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

ஒழுங்காக அடுக்கி மறுபடி போட்டோம். இப்போது எல்லாம் பொருந்தியது. குறை சொல்ல ஏலாது. ஆனால் தாய் அழுவதற்கு முன்பே வயலின் அழுதுவிட்டது. கடைசியில் அவள் கடற்கரையில் தனியே நிற்கும்போதும் அதே வயலின்.

"ஒருக்கா போனை நிப்பாட்டிப்போட்டு டிவிச் சத்தத்தை வையுங்கோ" என்றேன்.

அந்த இன்னொருவர் அங்கே ஒன்றுமே வைக்கவில்லை. வெறும் அலைச்சத்தம். அவள் திரும்பி நடக்கும்போது மட்டும் ஒரே ஒரு வீணைத் தந்தி. இருபது வருடம் இதைக் கேட்காமலா இருந்தேன் என்று என் மீதே ஆத்திரம் வந்தது. மச்சான் சிரிக்கவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

மாலையில், வெளியிட வேண்டாம் என்று வாக்களித்தேன். என் ஆளை ஊர் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, காரணம் அவ்வளவுதான். மூதூர் ஆசிரியர் என் பெருந்தன்மையைப் புகழ்ந்தார். கிண்ணியா நண்பர் ஸ்பீக்கரை எடுக்க வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தயப்படி குழுவில் எழுத வேண்டியதை நான் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் எப்போது ஆரம்பிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். இரண்டு பேரும் வாயே திறக்காததைப் பார்த்துத் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, இண்டைக்குச் சண்டை இல்லையோ?"

"மீன் சாப்பிடேக்க கதைக்கக் கூடாது. முள்ளு சிக்கும்" என்றார் மச்சான்.

அன்றைக்கு எங்கள் தட்டில் இருந்தது முள்ளே இல்லாத சுறா வறை.