பலூனுக்குப் பக்கத்தில் நின்ற வேலை

தொழிற்சாலையில் பாதுகாப்பு உதவியாளர் என்பவள், எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை யாருக்கும் ஞாபகம் வராதவள். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஞாபகம் வராவிட்டால் ஒப்பந்தம் நீளாது.

இதன் தொடக்கம் நான் நேரில் பார்த்ததல்ல, கேன்டீனில் கேட்டது. மணலியில் எங்கள் ஆலையின் பாதுகாப்பு வாரத்துக்கு, "இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும்" என்று பாதுகாப்பு அதிகாரி பெரிய பேனர் கட்டினாராம். குடும்ப விழாவுக்கு வந்த பலூன் சுடும் கடையை அதன் கீழேயே போட்டுவிட்டார்கள். பேனருக்கு அடியில் ஆளாளுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் போட்டோ தலைமை அலுவலகத்துக்குப் போனால்? கண்ணை மூடிச் சுட்டால் பலூன் வெடித்தாலும் செல்லாது என்று விதி போட்டார். கவனித்துச் சிவப்புக் கொடி காட்ட, அவருடைய உதவியாளரான என்னை நிறுத்தினார். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது; நீட்டிக்க வேண்டியவர் அவர்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தலையாட்டினேன்.

நிற்கும் இடம்

சுடுகிறவருக்குப் பின்னால் நின்றால் கண்ணே தெரியாது. பக்கவாட்டில் நின்றால் ஒன்றுதான் தெரியும். இரண்டும் தெரிய ஒரே இடம், பலூன் தட்டியின் ஓரம். பயந்துகொண்டே சொன்னேன். ஆபத்துதான் என்று அதிகாரி உடனே ஒப்புக்கொண்டு ஹெல்மெட், முகக்கவசம், பளபளக்கும் ஆரஞ்சு கோட்டு எல்லாம் வரவழைத்தார். கோட்டு எதற்கு என்று கேட்டேன்.

"நீ அங்க நிக்கிறது சுடுறவங்களுக்கு நல்லாத் தெரிய வேணாமாம்மா?"

ராயபுரத்து ஃபிட்டர்

முதலில் வந்தவர் ராயபுரத்து ஃபிட்டர் ஒருவர். பழக்கதோஷத்தில் இடது கண்ணை மூடினார். சிவப்புக் கொடி காட்டினேன். திறந்தார். கொஞ்ச நேரம் துப்பாக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கியப் பாத்தா ரெண்டு மேடம் கீறாங்க, மேடத்தப் பாத்தா ரெண்டு துப்பாக்கி கீது. இதுல எந்த மேடத்த நான் சுடக் கூடாது?"

முதல் பரிசு

கிரேன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். நிதானமாகச் சுட்டார், ஒரு வரிசை பலூன் மொத்தமும் காலி. கொடி காட்ட எனக்கு வேலையே இல்லை, இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. பிரஷர் குக்கரை வாங்கும்போதுதான், அவருடைய இடது கண் செயற்கைக் கண் என்று யாரோ புகார் சொன்னார்கள். பெரியவர் குக்கரை விடாமல் புகார் சொன்னவர் பக்கம் திரும்பினார்.

"கண்ணு தொறந்துதானே கீது நைனா. பாக்கணும்னு ரூல்ல எங்க போட்டுகீது?"

கடைசிச் சுற்று

போட்டோவுக்காக அதிகாரியே துப்பாக்கியை எடுத்தார். குறி பார்த்தார். இடது கண் மெதுவாக மூடியது.

அடுத்த மாதம் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து எத்தனை பேருக்கு அந்தக் கொடியைக் காட்டியிருந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. கொடியைத் தூக்கினேன். கொடியைப் பார்த்துத் திடுக்கிட்டவர் விசையை அழுத்திவிட்டார். என் ஹெல்மெட்டில் டக்கென்று ஒரு சத்தம். வேலை போயிற்று என்று நின்றேன். அவர் நேராக மைக்குக்குப் போனார்.

"பாத்தீங்களா? ஹெல்மெட் போட்டிருந்தாங்க, ஒண்ணும் ஆகல. இதுதான் பாதுகாப்பு."

என் ஒப்பந்தம் நீண்டது. பிறகு தேடிப் பார்த்தேன்: துப்பாக்கி சுடும் போட்டிகளிலும் பலர் இரண்டு கண்ணையும் திறந்துதான் வைத்திருக்கிறார்கள், ஒரு கண்ணுக்கு முன்னால் சின்ன மறைப்பு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், ஆக எங்கள் அதிகாரியின் விதி சரிதான், அதைக் கவனிக்க அங்கே யாரையும் இலக்குக்குப் பக்கத்தில் நிறுத்துவதில்லை, அவ்வளவுதான்.