விசில் ஊதாத நேரத்தில் விழுந்த கோல்

மதுரையிலிருந்து சிவகாசிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். வாடகைக் கார், போக வர மூவாயிரத்து இருநூறு ரூபாய். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிளம்பினோம். என்னோடு வந்தவர் லூக்கா. இத்தாலிக்காரர், முப்பத்தேழு வயது, கால்பந்தில் கோல் அடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர். விளையாட்டுச் செய்தி எழுதும் எனக்கு அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. அவர் ஆங்கிலம் அரைகுறை, என்னுடையதும் ஒன்றும் வாழவில்லை. எப்படியோ சமாளித்தோம்.

திருமங்கலம் தாண்டியதும்தான் மனுஷர் வாய் திறந்தார். சொந்த நாட்டில் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் டிவிஷன். ஒரே ஒரு சீசன் முதல் டிவிஷன், அதிலும் முக்கால்வாசி நாள் பெஞ்ச். அப்புறம் மால்டா, சைப்ரஸ், கடைசியாகக் கேரளம். முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. இரண்டு சீசனாக ஒரு கோல்கூட விழவில்லை என்று கிளப் அனுப்பிவிட்டது. ஊர் திரும்ப விமானம் திங்கட்கிழமை. அதற்குள் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கத்து ஊர் அணி ஒன்று, தங்கள் இறுதிப் போட்டிக்கு மட்டும் அவரைக் கூப்பிட்டிருந்தது. “இன்றைக்கு ஒரே ஒரு கோல். அதோடு பூட்ஸைக் கழற்றிவிடுவேன்” என்றார். கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

விருதுநகரில் பொரித்த புரோட்டா சாப்பிட்டோம். ஆட்டத்துக்கு முன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆமத்தூர் வழியாகத் திருத்தங்கல் வந்தோம். அச்சகங்களில் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சீசன் நேரம் என்பதால் எதிரே லோடு லாரிகள் வந்துகொண்டே இருந்தன.

மாலை நாலு மணிக்கு ஆட்டம். கரிசல் மண்ணைத் தட்டிச் சமன்படுத்திய திடல். கிழக்கே முள்வேலிக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனி, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். எதிரணி கோல்கீப்பர் கருப்பசாமி, திருத்தங்கல் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அவர் மனைவி முத்துமாரிக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. ஆட்டம் தொடங்குமுன் அவரே வந்து லூக்காவின் கையைக் குலுக்கினார். எங்கிட்ட கோல் போடுறது லேசு இல்லன்னு சொல்லி வைங்க என்று என்னிடம் சிரித்தார்.

சொன்னபடியே செய்தார். லூக்கா அடித்த மூன்று பந்தையும் பாய்ந்து தட்டிவிட்டார். இரண்டு பக்கமும் கோல் விழாமலே போன இரண்டாம் பாதியில் லூக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கோலுக்காக இப்படி ஒரு மனுஷன் தவிப்பதை எத்தனை நேரம்தான் பார்ப்பது!

அப்போதுதான் டமார் என்று ஒரு சத்தம். காலுக்கடியில் மண் அதிர்ந்தது.

திடலே நின்றுவிட்டது. எல்லோர் தலையும் வானத்தைப் பார்த்துத் திரும்பியது. எங்கே புகை எழும்புகிறது என்று தேடுகிறார்கள். கம்பெனிப் பக்கம் மரங்களுக்கு மேலே சாம்பல் நிறமாக ஏதோ கிளம்பியது. கருப்பசாமி கையுறையை வீசிவிட்டு ஓடினார். பந்து லூக்காவின் காலில் இருந்தது. அவருக்கு எதுவும் புரியவில்லை. முன்னால் காலியான கோல் மட்டும் தெரிந்திருக்கிறது. அடித்தார், பந்து உள்ளே போனது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தை நோக்கி ஓடினார். கூட்டம் முழுவதும் அவருக்கு முதுகைக் காட்டி நின்றது.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

போன் போட்டுக் கேட்கலாமே என்று எங்கள் டிரைவர் செல்வத்திடம் கத்தினேன். “உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாகக்கா. கேட்லயே வாங்கி வச்சிருவாக. இப்ப அடிச்சா யாரு எடுப்பா?” என்றபடியே வண்டியை எடுத்தார். லூக்காவும் ஏறிக்கொண்டார்.

கம்பெனி வாசலில் பைக்குகளும் அழுகையுமாக இருந்தது. சத்தம் கேட்டதுமே வேலையாட்கள் எல்லாம் அறைகளைவிட்டு வெளியேறி, உள்ளே வெட்டவெளியில் நின்றிருக்கிறார்கள். நம்ம கம்பெனி இல்லை, பின்னால் கல்குவாரியில் வைத்த வெடி, மத்தியானம் வைக்க வேண்டியதை இப்போது வைத்திருக்கிறான்கள், அது கல்தூசி என்று வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்தினார். யாரும் நம்பவில்லை. அவரவர் ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். முத்துமாரி கடைசியில் வந்தார். நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து இன்னும் மின்னியது.

“வெளிய வர இம்புட்டு நேரமா?” என்று கருப்பசாமி அதட்டினார்.

“கைய களுவிட்டு வரவேண்டாமா?” என்றார் அவர்.

திடலுக்குத் திரும்பும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. இனி ஆட முடியாது. நடுவர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். விசில் ஊதவில்லை, சட்டப்படி அது கோல்தான் என்றார். ஆனாலும் மனசு கேட்கவில்லை போலும். அடித்தவரே சொல்லட்டும் என்று என்னைப் பார்த்தார். லூக்காவிடம் மொழிபெயர்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் ஏங்கினேன்.

“கோல்கீப்பர் இல்லை. அதனால் கோலும் இல்லை” என்றார்.

கோப்பை இரண்டு ஊருக்கும் பொது என்று முடிவானது. இவருக்கு இதுதான் கடைசி ஆட்டம் என்று கருப்பசாமியிடம் சொன்னேன். அவர் கீழே கிடந்த கையுறையை எடுத்து மாட்டினார்.

“ஒரு பெனால்டி அடிக்கச் சொல்லுங்கக்கா. நான் நிக்கேன். ஆனா விட்டுக்குடுக்க மாட்டேன்.”

கூடவே வந்திருந்த முத்துமாரி கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். லூக்கா பந்தை வைத்தார், நாலடி பின்னால் போனார், வந்து அடித்தார். நல்ல அடி, இடது மூலைக்கு. கருப்பசாமி படுத்தவாக்கில் விரல் நுனியால் தட்டிவிட்டார். முத்துமாரி கைதட்டினார். லூக்கா கரிசல் மண்ணில் மல்லாந்து விழுந்து சிரித்தார்.

மதுரையில் வெடிச்சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வோம். அவ்வளவுதான் நமக்கு. ஆமத்தூர் தாண்டும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். லூக்காவின் போன் அடித்தது. அவர் அம்மா. கோல் அடித்தாயா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு இத்தாலி மொழி தெரியாது, ‘நோ’ ஒன்றுதான் புரிந்தது. அதற்குப் பிறகு விருதுநகர் வரும்வரை அவர் விடாமல் பேசினார். பேச்சின் நடுவே நாக்குத் தடுக்கத் தடுக்க, கருப்பசாமி, கருப்பசாமி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.