ஆமைக் கேக்குக்கு முழந்தாளிட்டவள்

கேக்கை உடைத்துப் போட்டுவிட்டு ஓடினாளாம்! யார் சொன்னது, ரெங்கம்மாதானே? மாதா கோயில் வாசலையே மிதிக்காதவள், உள்ளே நின்று பார்த்த மாதிரி போர்ட் பிளேரில் இந்தப் புரோத்ராபூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கேக்கு ஆமையின் கழுத்தில் கத்தி வைத்தது சாமியார். ஊரே பார்த்தது. ஞானசெல்வி அதைத் தொடவில்லை. பொறாமைப்பட்டாளா என்று கேள், அது நியாயம். பட்டாள். வயிறு எரிந்து வெந்தாள்.

எரியாமல் என்ன செய்யும்? தெற்குக் கடைசித் தீவில், கேம்பல் பேயில் அவள் வாழ்ந்த காலத்தில் கேக் என்றால் ஞானசெல்விதான். குண்டானில் மணலைக் காயவைத்து, உள்ளே தட்டை இறக்கி, மூடிமேல் கங்கு போட்டுச் சுடுவாள். பட்டாளத்துக்காரர் வீட்டுக் கல்யாணம் எதுவும் அவளில்லாமல் நடக்காது. சுனாமியில் புருஷன் பீட்டரும் போனான், வீடும் போனது. கொழுந்தன் சிலுவைராஜ்தான் புரோத்ராபூருக்கு அழைத்துவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டான். மிஞ்சியது அந்தக் கேக்குக்காரி என்ற பேர் ஒன்றுதான். சிலுவைராஜின் பெண்டாட்டி ஆக்சிலியா அப்போது முட்டை அடித்துக் கொடுப்பதோடு சரி.

பிறகு ஆக்சிலியா கரண்ட் அடுப்பு வாங்கினாள். கேக்கின் மேல் கதை வைக்க ஆரம்பித்தாள். முயலும் ஆமையும் கதையைத் தீவுக் கதையாகவே ஆக்கிவிட்டாள். பந்தயம் போர்ட் பிளேரிலிருந்து ஹட்பே தீவு வரைக்கும். முயல் பெட்டியும் கையுமாகக் கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்கும். ஆமை நீந்திப் போய் எதிர்க்கரையில் மல்லாந்து கிடக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆக்சிலியா ஆன்ட்டி கேக்" என்று குட்வில் எஸ்டேட்டிலிருந்துகூட ஆள் வந்தது.

ஞானசெல்வி சும்மா இருப்பாளா? காக்கா கதையைக் கையில் எடுத்தாள். பிளம் கேக்கின் மேல் சர்க்கரைக் காக்கா, அதன் வாயில் நிஜ உளுந்த வடை. பிள்ளைகள் வடைக்கு அடித்துக்கொண்டு பிய்த்துத் தின்றார்கள். எண்ணெய் இறங்கிய கேக் அப்படியே கிடந்தது.

"அக்கா, அடுத்த தடவ சட்னியும் வச்சிருங்க" என்றாள் பக்கத்து வீட்டுச் சுகுணா.

அந்த வருஷம் கோயிலில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விழாவுக்கு, எப்போதும் ஞானசெல்வியிடம் சொல்கிற கேக்கை ஆக்சிலியாவிடம் சொன்னார்கள். ஞானசெல்வி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றாள். எதற்கு? ஐசிங்கில் எங்காவது விரிசல் இருக்காதா என்று பார்க்கத்தான். ஒரு விரிசலும் இல்லை. ஆமையின் கண் வேறு அவளையே பார்த்தது.

விருந்துக்கு வந்திருந்த வயதான சாமியார் விளையாட்டுக்காரர். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட, அந்த முயல் ஆமைக் கதையை லத்தீனில் எடுத்துவிட்டார். சின்னதில் மணப்பாட்டில் லத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவள் ஞானசெல்வி. அந்தப் பாஷை காதில் விழுந்தால் முழங்கால் தானாக மடங்கும். மடங்கியது. சிலுவை போட்டு, கண்ணை மூடி, மார்பில் தட்டிக்கொண்டாள். பின்னால் இரண்டு கிழவிகளும் மண்டியிட்டார்கள்தான், ஆனால் கேக்குக்கு நேர் எதிரே இருந்தது இவள் ஒருத்தி.

"பாட்டி, ஆமைக்கா கும்பிடுதீங்க?" என்றது ஒரு வாண்டு.

கூரை அதிரச் சிரிப்பு. சாமியார் சிரித்தார். கைகொடுத்துத் தூக்க வந்த ஆக்சிலியாவும் சிரிப்பை அடக்கமாட்டாமல்தான் தூக்கினாள்.

மறுநாள் அவளே சமாதானத்துக்கு வந்தாள். "அக்கா, நீங்க அடிக்கேக்க மட்டும் சுட்டுத் தாங்க. மேல கதைய நான் பாத்துக்கிடுதேன்."

"அடியில கிடக்கத எவடி பாக்கப் போறா?" என்றாள் ஞானசெல்வி. அதற்குப் பிறகு அந்த அடுப்படிக்குள் அவள் கால் வைக்கவில்லை.

கேம்பல் பேயில் அவள் பேருக்குச் சர்க்கார் கொடுத்த வீடு பூட்டியே கிடந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து, சுனாமியில் செத்தவர்களுக்கான வருஷப் பூசையும் முடிந்ததும், குண்டானுக்குள் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சிலுவைராஜ் வழியை மறித்தான். "மதினி, அண்ணன் இல்லாத வீட்ல ஒத்தையில என்ன செய்வீய? ஊரு என்னயல்லா ஏசும்?"

"ஏசட்டும். வழிய விடு."

ஆக்சிலியா அழுதேவிட்டாள். "என் கேக்கு ஒங்களுக்குப் பிடிக்கலயாக்கா?"

"பிடிக்காம என்ன? அந்தப் பாழாப்போன ஆமைக்கு உசிரு இருந்த மாதிரி இருந்துச்சு. அதாண்டி போறேன்."

குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள் ஞானசெல்வி.