ஐப்பசியில் ஒரு கடற்கரைக் கலியாணம்

லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு மகளின் கலியாணம் வைக்க மன்னாரில் ஒரு கடற்கரை வேண்டுமாம். அங்கே வீடு இருக்கக் கூடாது, வள்ளம் நிற்கக் கூடாது, கருவாடு காயக் கூடாது. பொழுதுபடுவது மட்டும் வடிவாகத் தெரிய வேண்டும். அப்படியொரு கரையைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு, பெண்ணின் மாமா என்ற முறையில் என் தலையில் விழுந்தது.

இவ்வளவு தூரம் அவர்கள் வருவதற்கு ஒரே காரணம் ராத்தாதான். உம்மா மௌத்தான பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் எங்கள் இருவருக்கும் மூத்தவளான ராத்தா. அவளை லண்டனுக்குக் கூப்பிட எவ்வளவோ முயன்றும் விசா கிடைக்கவில்லை. ராத்தா பக்கத்தில் இல்லாமல் மகளுக்கு நிக்காஹ் இல்லை என்று தங்கை போனில் அழுதாள். அதுவரைக்கும் எனக்குச் சந்தோசம்தான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். உப்புக்குளத்தில் தங்கையின் பங்கு வளவு கிடக்கிறது, சுவர் மட்டும் மிஞ்சிய வீட்டோடு. துப்புரவாக்கிப் பந்தல் போட்டால் முடிந்தது. அண்ணனை நானா என்று கூப்பிடும் தங்கையிடம் இதைச் சொன்னேன்.

"ஐயோ நானா, அந்த இடிஞ்ச வீட்டிலயா? மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்?"

காலத்தையும் அவர்களே குறித்துவிட்டார்கள். ஐப்பசி. லண்டனில் அப்போது பள்ளிக்கூட விடுமுறையாம், இலையுதிர்காலமாம். கொழும்பில் அவள் பிடித்திருந்த கலியாண ஏற்பாட்டாளர், செம்மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் இலைகள் கொண்டுவந்து மணலில் தூவுவாராம். மன்னாரில் உதிர்வது பனையோலைதான், அதுவும் கீழே நிற்பவன் தலையில். இதைச் சொன்னால் எனக்கு ரசனை இல்லை என்பார்கள்.

வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் கரை கரையாக அலைந்தேன். பேசாலையைப் படம் பிடித்து அனுப்பினால் வள்ளங்கள் அதிகம் என்றாள். முள்ளிக்குளம் பக்கம் தூரம் என்றாள். இன்னொரு கரையில் கழுதைகள் நின்றன. கழுதைகள் பிடித்துப்போயின, கரை பிடிக்கவில்லை. பொறுமை போய், நானும் கழுதைதான் என்று திட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

கடைசியில் ஏற்பாட்டாளரே மேலிருந்து எடுத்த ஒரு படத்தை எங்கள் இருவருக்கும் அனுப்பினார். நீளத்துக்கு வெள்ளை மணல். ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை.

"இதுதான் நானா! என்ன சுத்தமா இருக்கு!" என்று தங்கை துள்ளினாள்.

எனக்கு அந்தக் கரையைத் தெரியும். முன்பு சண்டைக் காலத்தில் ஓர் ஐப்பசியில், துப்பாக்கியோடு வந்தவர்கள் மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, தெற்கே கற்பிட்டிக்குப் போக வள்ளம் வரும்வரை நாங்கள் கிடந்த கரை அது. தங்கைக்கு அப்போது ஐந்தாறு வயது. என் தோளில் தூங்கிவிட்டாள். வள்ளத்தில் போனது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம். ராத்தா பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியவில்லை. நாற்பது முடியாதவளை எங்கள் வீடுகளில் வாசல் தாண்ட விடமாட்டார்கள், காற்றுப் படக்கூடாது என்று காதில் பஞ்சு வைத்து அடைப்பார்கள். அவள் அந்த வெட்டவெளியில் பிள்ளையை மடியில் போட்டுக் குனிந்து, கொட்டுகிற மழைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் பிள்ளை காய்ச்சலில் மௌத்தானது. அந்த மௌத்து தங்கைக்குத் தெரியும். கரையில் கிடந்ததைப் பற்றி மட்டும் ராத்தா வீட்டில் யாரையும் வாய் திறக்க விட்டதில்லை.

"அந்த இடம் வேணாம்" என்றேன். ஏன் என்று கேட்டாள். வேணாமெண்டா வேணாம் என்று கத்தினேன்.

"உங்களுக்கு ஒண்டும் பிடிக்காது. நான் ராத்தாட்டயே கேக்கிறன்" என்று போனை வைத்துவிட்டாள்.

நான் ராத்தா வீட்டுக்கு ஓடிப்போவதற்குள் படம் அங்கே போய்விட்டது. ராத்தா போனைக் கையில் எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"வடிவான இடம்தானே ராத்தா?"

"ஓம், வடிவுதான். ஐப்பசியில அங்க மழை பெய்யும். ஒதுங்க இடமில்ல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வள்ளத்துக்கு அங்கதானே கிடந்தனாங்கள். நீ நானாட தோளில நித்திரை. என்ர பிள்ளை நனைஞ்சுபோச்சு."

ராத்தா போனைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நீ ஆசைப்பட்டபடி அங்கயே வை. நான் கோவிக்க மாட்டன். ஆனா நான் வரமாட்டன்" என்றாள் ராத்தா.

இதை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. துரத்தியவர்கள்மேல் கோபம், சுத்தமான கரை என்ற தங்கைமேல் கோபம், இத்தனை வருசம் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு இப்போது இவ்வளவு அமைதியாகச் சொல்லும் ராத்தாமேலும் கோபம். தங்கை விக்கி விக்கி அழுதாள். அங்கே வேண்டாம், வீட்டு வளவிலேயே வைப்போம் என்று அவளே சொன்னாள். ராத்தா "சரி மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு தொழுகைக்கு ஒளுச் செய்ய எழுந்து போனாள்.

அடுத்த நாள் ஏற்பாட்டாளர் எனக்குப் போன் எடுத்தார். நல்ல மரியாதையான பிள்ளை.

"சேர், அந்த இடத்தில என்ன பிரச்சினை?"

"மழை பெய்யும்" என்றேன். வேறென்ன சொல்ல?

"அது ஒரு பிரச்சினையே இல்ல சேர். பெரிய கூடாரமா அடிச்சுத் தாறம். புள்ள குட்டியோட எவ்வளவு சனம் வந்தாலும் ஒருத்தரும் நனைய மாட்டாங்க."

"அப்ப ஒருத்தரும் அடிச்சுத் தரேல்ல தம்பி" என்றேன். "இப்ப வேணாம்."